முதலில் காற்று, அப்புறம் மூச்சு

மூச்சுப் பயிற்சி கற்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் பாயை விரித்துச் சம்மணம் போடுவதில் தொடங்குகிறார்கள். பக்கத்து அறையில் விறகடுப்பு புகைந்துகொண்டிருக்கும். தெருமுனையில் குப்பை எரியும். கட்டிலுக்கடியில் கொசுவத்திச் சுருள் கனன்றுகொண்டிருக்கும். அந்தக் காற்றை அடிவயிறு வரை இழுத்து நிறுத்தினால் வருவது கெடுதல்தான். ஆகவே இந்த அத்தியாயத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வீட்டுக் காற்று, அடுத்து வேலை பார்க்கும் இடம், அதன் பிறகு மூச்சு. இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்து வாசகர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்தில் இரண்டு விதமான காற்று இருக்கிறது. கீழே அரிசி ஆலை, சர்க்கரை ஆலை, ஜவ்வரிசி ஆலை, சேலம் – உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை. மேலே கல்வராயன் மலை. கரியாலூர், வெள்ளிமலை, காடு, ஓடை. மேலே இருப்பவர்களுக்குக் கவலையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வாசலில் நல்ல காற்று வீசும் மலை வீடுகளில், உள்ளே சமையல் புகை அடைந்து கிடப்பதைப் பார்க்கலாம். இந்த வழிகாட்டியில் நான் மிக அதிகம் வலியுறுத்தப்போவதும் அதைத்தான்.

தெரிந்திருக்க வேண்டிய அளவு

ஓய்வாக இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சுவிடுவார். ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் காற்று. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்குச் சுமார் 10,000 லிட்டர். மூக்கு இந்தக் காற்றை வடிகட்டி, ஈரப்படுத்தி, உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து உள்ளே அனுப்புகிறது. வாய் இதைச் சரிவரச் செய்யாது. ஆனால் 2.5 மைக்ரானுக்கும் சிறிய நுண்துகள், அதாவது தலைமுடித் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு இருக்கும் தூசி, மூக்கையும் தாண்டி நுரையீரலின் கடைசி அறை வரை போய்விடும். புகையில் நிறைந்திருப்பது அதுதான். இத்தனை தெரிந்தால் போதும்.

மூன்று தவறான நம்பிக்கைகள்

“மலையில் ஆக்சிஜன் அதிகம்” என்கிறார்கள். காற்றில் ஆக்சிஜன் எங்கும் 21 விழுக்காடுதான். 1,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவதால், ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் சற்றுக் குறையவே செய்யும். கல்வராயனில் நெஞ்சு லேசாக இருப்பதற்குக் காரணம் வேறு: தூசியும் வாகனப் புகையும் குறைவு, குளிர்ச்சி, சத்தமில்லாத நடை.

“மார்கழி விடியலில் ஓசோன் கீழே இறங்கி வரும், அதைச் சுவாசிப்பது நல்லது” என்பது அடுத்தது. தரைமட்டத்து ஓசோன் நுரையீரலை எரிச்சலூட்டும் வாயு. அது வெயிலில் உண்டாவதால் பிற்பகலில்தான் கூடும், விடியலில் குறைவு. மார்கழி விடியலில் உண்மையில் கீழே தேங்குவது புகை. தரை குளிர்ந்து கிடப்பதால் காற்று மேலே எழும்பாமல், முந்தைய இரவு எரித்தது எல்லாம் பனியோடு தெருவிலேயே படிந்திருக்கும். கோலம் போடுங்கள், திருப்பாவை பாடுங்கள். ஆழ்ந்த மூச்சுப் பயிற்சியை மட்டும் பனி விலகிய பிறகு, ஏழரை எட்டு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

“நல்ல காற்று காசநோயைக் குணப்படுத்தும்” என்பது மூன்றாவது. இதற்கு ஒரு வரலாறு உண்டு. மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில் நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு மூன்றையும் நம்பித்தான் 1928-இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் சானடோரியத்தைத் தொடங்கினார். பிறகு மருந்து வந்தது. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், சானடோரியத்தில் வைத்து மருந்து கொடுத்தவர்களையும், நெருக்கடியான சொந்த வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டது. 1959-இல் வெளியான முடிவில் இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமாகியிருந்தனர். ஆக, நோயைத் தீர்ப்பது மாத்திரை. காற்றோட்டத்துக்கு வேறு பெரிய வேலை இருக்கிறது: ஒருவர் இருமும் கிருமி அறையில் தேங்கி அடுத்தவருக்குப் போகாமல் அது காக்கும்.

வீட்டுக் காற்றைச் சரிசெய்தல்

1. எதிரெதிர் சுவர்களில் உள்ள இரண்டு திறப்புகளைக் கண்டுபிடியுங்கள். ஒரு ஜன்னலை மட்டும் திறந்தால் காற்று நுழைந்து நின்றுவிடும். போவதற்கு வழி வேண்டும். ஒன்று ஜன்னல், மற்றது கதவாக இருந்தாலும் சரி.
2. காலையில் பனி விலகியதும் அரை மணி, மாலையில் சமையல் முடிந்ததும் அரை மணி, இரண்டையும் அகலத் திறந்து வையுங்கள். நெடுஞ்சாலை ஓரத்து வீடானால் சாலைப்பக்க ஜன்னலை நெரிசல் நேரத்தில் மூடி, கொல்லைப்புறத்தைத் திறங்கள்.
3. பெருக்குவதற்கு முன் தண்ணீர் தெளியுங்கள். சிமென்ட் தரையானால் ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்த தரையை விளக்குமாற்றால் பெருக்கும்போது எழும் தூசி வெகுநேரம் மிதக்கும்.
4. தலையணை, பாய், கம்பளியை வாரம் ஒரு நாள் வெயிலில் போட்டு, வீட்டுக்கு வெளியே தட்டுங்கள்.
5. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரில் பூஞ்சை பூத்தால் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். உலர்ந்தபடி சுரண்டினால் வித்து முழுவதும் அறையில் பறக்கும். கசிவை அடைக்காமல் மேலே வெள்ளையடிப்பது வீண்.

கொசுவத்திச் சுருளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் முழுவதும் எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வெளிவிடும் அளவுக்குச் சமம் என்று கணக்கிட்டது. கொசுவலை கட்டுங்கள். மாலை ஐந்தரைக்கே ஜன்னலுக்கு வலை அடித்த சட்டத்தைச் சாத்துங்கள். மாட்டுக் கொட்டகையில் நொச்சி, வேப்பிலை மூட்டம் போடுகிறவர்கள் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். புகை மாட்டையும் வாட்டும், வீட்டுக்குள்ளும் வரும்.

இன்னொன்று பச்சிளங்குழந்தைக்குத் தலை குளிப்பாட்டி சாம்பிராணிப் புகை காட்டுவது. பாசத்தோடு செய்யும் வழக்கம் என்று தெரியும். ஆனால் பிறந்து சில வாரங்களே ஆன நுரையீரலுக்கு அந்தப் புகை தாங்காது. மெல்லிய பருத்தித் துணியால் தலையை ஒற்றி, இளவெயில் படும் இடத்தில் மடியில் வைத்திருந்தால் முடி தானே உலரும். குழந்தையின் முகத்துக்கு நேரே பவுடர் டப்பாவைத் தட்டுவதையும் நிறுத்துங்கள். இதைப் பாட்டிகளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். “சளி பிடிக்காம இருக்கத்தான் ஆத்தா புகை போடுறோம்” என்பார்கள். சளிக்குப் புகையே காரணமாகலாம் என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

அடுப்பு

மலை வீடு ஒன்றின் அடுப்படியைக் கவனியுங்கள். தாழ்ந்த வாசல், ஜன்னல் கிடையாது. சுவருக்கும் கூரைக்கும் நடுவே உள்ள இடுக்கு வழியாகத்தான் புகை கசிய வேண்டும். அடுப்புக்கு மேலே பரண். அதில் விதைக்கு வைத்த சோளக்கதிரும் சாமை மூட்டையும் கரிபிடித்துக் கிடக்கும். அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் ஊதுகுழலை வாயில் வைத்து ஊதி, அதே இடத்தில் அதே நொடியில் மூச்சை இழுப்பார். அந்த ஒரு இழுப்பில் போகும் புகை சாதாரணமானதல்ல. வீட்டுக்குள் எரியும் விறகு, வறட்டி, கரியின் புகையால் 2020-இல் மட்டும் உலகெங்கும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

எரிவாயு இணைப்பு கிடைத்த வீடுகளிலும் விறகு ஓய்ந்துவிடவில்லை. சிலிண்டர் மலையேறி வர வேண்டும், பணமும் வேண்டும். எனவே விறகை அடியோடு விடுங்கள் என்று எழுதினால் அது யாருக்கும் உதவாது. செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

1. அடிக்கடி சிறிது நேரம் எரிக்கும் வேலைகளை, அதாவது காலைக் காப்பி, பால் காய்ச்சல், குழந்தைக்கு வெந்நீர் ஆகியவற்றை, எரிவாயுவுக்கு மாற்றுங்கள். பற்றவைக்கும்போதும் அணைக்கும்போதும்தான் விறகு அதிகம் புகையும். ஆகவே சிறுசிறு சமையலுக்கு விறகு மூட்டுவது புகைக்கணக்கில் பெரிய நஷ்டம்.
2. விறகைக் கட்டைவிரல் தடிமனுக்குப் பிளந்து, மழை படாத இடத்தில் இரண்டு மூன்று மாதம் உலர்த்துங்கள். மழைக்காலத்துக்கான விறகை ஆடிக்குள் அடுக்கிவிட வேண்டும்.
3. பற்றவைக்கக் காய்ந்த சுள்ளி, சோளத்தட்டை, தென்னம்பாளை போதும். பாலித்தீன் பை, பழைய செருப்பு, டயர்த் துண்டு ஒருபோதும் வேண்டாம்.
4. அடுப்பை வீட்டின் நடுவிலிருந்து வெளிச்சுவர் ஓரத்துக்கு மாற்றுங்கள். முடிந்தால் திண்ணை ஓரத்தில் சாய்ப்பு இறக்கி அங்கே வையுங்கள்.
5. சுவரில் இரண்டு திறப்பு வேண்டும்: தரையை ஒட்டி ஒன்று, கூரைக்குக் கீழே ஒன்று. கீழே குளிர்ந்த காற்று நுழையும், மேலே புகை வெளியேறும். மேல் திறப்பு ஒரு முழ அகலமாவது இருக்கட்டும்.
6. புகைபோக்கி வைப்பதானால் தகரக் குழாய் அல்லது சுட்ட மண் குழாய் பயன்படுத்துங்கள். ஆஸ்பெஸ்டாஸ் குழாய் வேண்டாம். ஓடு, தளம் போட்ட வீட்டில் கூரைக்கு மேல் இரண்டு அடி உயர்த்தி, மழைக்குத் தொப்பி போடுங்கள்.
7. ஊதும்போது ஊதிவிட்டு முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிய பிறகே மூச்சை இழுங்கள். காசு செலவில்லாத மாற்றம், இன்றே தொடங்கலாம்.
8. மாதம் ஒரு முறை, அடுப்பு முழுவதும் ஆறிய பின், மூங்கில் கழியில் துணி கட்டிக் குழாயின் கரியைத் தள்ளிவிடுங்கள். கரி அடைத்த குழாய் புகையை வீட்டுக்குள்ளேயே திருப்பிவிடும், தீயும் பிடிக்கும்.

*எச்சரிக்கை:* கூரை வீட்டில் கீற்றைக் கிழித்துக் குழாயை மேலே விடக் கூடாது. சுவர் வழியாகப் பக்கவாட்டில் வெளியே எடுத்து, கீற்றிலிருந்து இரண்டு அடியாவது தள்ளி நிமிர்த்துங்கள்.

“புகை பட்டால்தான் கூரை நிக்கும், விதையில பூச்சி விழாது” என்று மலைப் பெரியவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதற்காக ஒவ்வொரு வேளைச் சமையலிலும் பெண்கள் புகையில் உட்கார வேண்டியதில்லை. சமையலை வெளியே மாற்றிவிட்டு, வாரத்துக்கு ஒரு நாள் பரணுக்கு மட்டும் தனியாக மூட்டம் போடுங்கள். அப்போது வீட்டில் ஆள் இருக்கக் கூடாது. நெருப்பு பரவாமல் ஒருவர் வாசலில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

*உயிர் போகும் தவறு:* தை மாதக் குளிரில் தணலை இரும்புச் சட்டியில் அள்ளிவந்து, கதவைச் சாத்தி, பக்கத்தில் படுப்பது. கரித்தணல் விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மலைக்குச் சுற்றுலா வந்து விடுதி அறைக்குள் கரி அடுப்பு மூட்டுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. இரண்டு கம்பளி போர்த்துங்கள். தணல் வெளியிலேயே இருக்கட்டும்.

எரிவாயு கசிந்த வாசனை வந்தால்: சுவிட்சைத் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து, வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையில் படியும். அதனால் ஜன்னலைவிடக் கதவைத் திறப்பதுதான் அதை வெளியேற்றும்.

வேலை செய்யும் இடம்

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமையான தொழில். ஆனால் மரத்தூள் மூக்குக்குழியில் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்பது மருத்துவ உலகம் உறுதிசெய்த செய்தி. உளியும் கொட்டாப்புளியும் பிடித்துச் செதுக்கும்போது விழும் சில்லு பெரியது, தரையில் விழுந்துவிடும். ஆபத்து உப்புத்தாள் தேய்க்கும்போதும் மின் இயந்திரம் ஓடும்போதும். அப்போது வரும் தூள் மாவுபோல மிதக்கும். பட்டறைக்காரர்கள் செய்ய வேண்டியது:

1. தேய்க்கும் வேலையைத் தனியாகப் பிரித்து, நாளின் கடைசியில், திறந்த வெளியில், காற்று முதுகுப்பக்கமிருந்து வரும்படி உட்கார்ந்து செய்யுங்கள்.
2. என்95 முகக்கவசம் போடுங்கள். தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டினால் பெரிய தூசி நிற்கும், நுண்துகள் நிற்காது. கம்பியை மூக்கில் அழுத்தி, ஓரத்தில் காற்று கசிகிறதா என்று ஊதிப் பாருங்கள்.
3. உடம்பில் படிந்த தூளை ஊதித் தட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். தூள் படிந்த சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள்.
4. வார்னிஷ் அடிக்கும் அறையில் யாரும் படுக்கக் கூடாது.

அரிசி ஆலையில் உமிச்சாம்பல் அள்ளுபவர்களுக்கும், மக்காச்சோளம் அடிக்கும் இயந்திரத்தின் அருகே நிற்பவர்களுக்கும் இரண்டாவது விதி அப்படியே பொருந்தும். சாம்பலை அள்ளும் முன் தண்ணீர் தெளிப்பது இன்னும் நல்லது. கரும்பு வெட்டிய வயலில் சோகையைக் கொளுத்தாதீர்கள். ஒன்றுவிட்ட பாரில் பரப்பினால் ஈரம் காக்கும், களையும் அடங்கும். ஊருக்கே புகை மிச்சம்.

பயன்படாத கிணறு, ஜவ்வரிசி ஆலைக் கழிவுத்தொட்டி இரண்டிலும் இறங்குவது பெரிய ஆபத்து. விஷவாயு தேங்கியிருக்கும். விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்க்கும் பழைய சோதனையை நம்பாதீர்கள். விளக்கு எரிந்தாலும் விஷவாயு இருக்கலாம், தீப்பிடிக்கும் வாயு இருந்தால் வெடிக்கவும் செய்யும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் காப்பாற்றப் பின்னாலேயே இறங்குபவரும் விழுவார். தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது 112 அழைத்துவிட்டு மேலேயே நில்லுங்கள். கூடப் பிறந்தவர் உள்ளே கிடந்தாலும் இதுதான் சரியான செயல்.

இப்போது மூச்சு

வயிறு காலியாக, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, இடுப்புக்கயிற்றைத் தளர்த்திக்கொண்டு தொடங்குங்கள். முதல் இரண்டு வாரம் வயிற்று மூச்சு மட்டும் போதும்.

*வயிற்று மூச்சு*

1. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள்.
2. ஒரு கையை நெஞ்சின் மேலும், மற்றதைத் தொப்புளுக்கு மேலும் வையுங்கள்.
3. மூக்கால் மெதுவாக இழுங்கள். வயிற்றுக் கை உயர வேண்டும், நெஞ்சுக் கை ஏறக்குறைய அசையாமல் இருக்க வேண்டும்.
4. மூக்காலேயே மெதுவாக விடுங்கள். வயிறு தானாக இறங்கும். அழுத்தித் தள்ள வேண்டாம்.
5. ஐந்து நிமிடம், காலையும் இரவும்.

நெஞ்சுக் கையே உயர்கிறது என்றால் வயிற்றின் மேல் ஒரு சிறு தலையணையை வைத்து அது ஏறி இறங்குவதைப் பாருங்கள். பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

*நான்குக்கு ஆறு*

1. முதுகு நிமிர்ந்து, நாற்காலியிலோ திண்ணையிலோ உட்காருங்கள். தரையில்தான் உட்கார வேண்டும் என்று கட்டாயமில்லை.
2. மனதுக்குள் நான்கு எண்ணியபடி இழுங்கள்.
3. நிறுத்தாமல், ஆறு எண்ணியபடி விடுங்கள்.
4. ஒரு எண்ணிக்கை ஒரு நொடி என்றால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். பத்து நிமிடத்துக்கு மேல் தேவையில்லை.

விடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது, உடல் தளர்கிறது. தொடர்ந்து செய்பவர்களில் பலருக்கு இரத்த அழுத்தம் சற்றுக் குறையும். அதற்காக அழுத்த மாத்திரையை நீங்களே நிறுத்திவிடக் கூடாது.

*உதடு குவித்து விடுதல்*

மாடி ஏறினால் இளைக்கிறவர்களுக்கும், பல வருடப் புகையால் நுரையீரல் கெட்டவர்களுக்கும் இதுதான் பயன்படும். மூக்கால் இரண்டு எண்ணி இழுத்து, சூடான காப்பியை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து நான்கு எண்ணி விடுங்கள். மூச்சுக்குழாய்கள் சட்டென்று மூடிக்கொள்ளாமல் காற்று முழுமையாக வெளியேறும். மூட்டை தூக்கும்போது, தூக்கும் அந்த நொடியில் மூச்சை விடுங்கள்; அடக்காதீர்கள்.

*அடிக்கடி நடக்கும் தவறுகள்*

வேகமாக ஆழமாக இழுத்தால் நல்லது என்று நினைப்பது முதல் தவறு. விரல் நுனி மரத்து, தலை சுற்றும். உடனே நிறுத்திச் சாதாரணமாக மூச்சுவிடுங்கள். தோளைத் தூக்கி இழுப்பது இரண்டாவது.

மூன்றாவது, எடுத்த எடுப்பில் கும்பகம், அதாவது மூச்சை உள்ளே நிறுத்துதல், செய்வது. திருமந்திரம் 16 மாத்திரை (இங்கே இது கால அளவு) இழுத்து, 64 நிறுத்தி, 32 விடச் சொல்கிறது. அது குருவின் கண்பார்வையில் நீண்ட காலம் பழகியவர்களுக்கான அளவு. கைப்பேசியில் காணொளி பார்த்து முதல் வாரத்திலேயே 64 எண்ண முயல்வது ஆபத்து. உயர் இரத்த அழுத்தம், இதய நோய், கண்ணழுத்தம், குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கவும் கூடாது, கபாலபாதி போன்ற வேகமான பயிற்சிகளும் கூடாது. மேலே சொன்ன வயிற்று மூச்சும் நான்குக்கு ஆறும் அவர்களுக்குப் போதும்.

மூக்கடைப்பு இருந்தால் முதலில் ஆவி பிடியுங்கள், ஆனால் கவனமாக. கொதிக்கும் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, ஆடாத தரையில் வைத்து, சில நிமிடம் ஆறவிட்டு, ஒரு முழம் தள்ளி உட்காருங்கள். போர்வைக்குள் குழந்தையை வைத்து ஆவி பிடிக்க வேண்டாம். பாத்திரம் கவிழ்ந்தால் தொடை வெந்துவிடும்.

மலை நடையில் மூச்சு

கீழே பழகியதை மேலே போய்ப் பயன்படுத்துங்கள். கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணையிலிருந்து மலைப்பாதை ஏறுகிறது. வெள்ளிமலைப் பேருந்தில் போய், கரியாலூர் பக்கத்துச் சமமான பாதைகளில் நடப்பது புதியவர்களுக்கு ஏற்றது.

1. முதல் பத்து நிமிடம் மிக மெதுவாக நடங்கள். உடல் சூடாகும் முன் வேகம் கூட்டுவதால்தான் பலருக்குப் பாதி வழியில் இளைக்கிறது.
2. சமதரையில் நான்கு அடிக்கு இழுத்து, நான்கு அடிக்கு விடுங்கள். ஏற்றத்தில் இரண்டுக்கு இரண்டாகக் குறையும், அது இயல்பு.
3. கூட வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.
4. மூக்கால் மட்டும் மூச்சுவிட முடியாத ஏற்றத்தில் வாயையும் திறக்கலாம். பிடிவாதம் வேண்டாம். நிற்கும்போது மட்டும் மூக்குக்குத் திரும்புங்கள்.
5. ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைப் பையில் வைக்காமல் சட்டைப் பாக்கெட்டில் வையுங்கள். குளிர்ந்த காற்று இழுப்பைத் தூண்டலாம். மூக்கைத் துணியால் மூடி நடந்தால் காற்று சற்றுச் சூடாகிப் போகும்.

மாசி முதல் சித்திரை வரை காய்ந்த காட்டுக்குள் நுழையாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றம் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் இறந்ததை மறக்கக் கூடாது. காப்புக்காட்டுக்கு வனத்துறை அனுமதி கட்டாயம். கல்வராயனின் பெரியார் நீர்வீழ்ச்சியில் வெள்ளம் வந்து தடை போட்டிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மலைவாழ் மக்களின் வீட்டு வாசலில் நின்று பேசும்போது பீடி, சிகரெட் பற்றவைக்காதீர்கள். உங்களுக்குக் கிடைத்த காற்று அவர்களுக்கும் வேண்டும்.

மருத்துவரிடம் எப்போது போவது

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல், உதடு நீலமாதல், நெஞ்சு வலி, பேச முடியாத இழுப்பு, குழந்தைக்கு மூச்சு வாங்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுதல் – இவற்றில் எது வந்தாலும் பயிற்சி, கஷாயம், ஆவி எதுவும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள். கீழே சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, சளியில் இரத்தம் வந்தாலோ, மாலையில் காய்ச்சலும் எடை குறைவும் இருந்தாலோ, “புகை இருமல்தான்” என்று விட்டுவிடாதீர்கள். அடுப்புப் புகையில் இருமிப் பழகிய பெண்கள் இதைத் தள்ளிப்போடுவது மிக அதிகம்; அவர்களை வீட்டார் கையோடு அழைத்துப் போக வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனைக்குக் கட்டணமில்லை. காசநோய் என்று தெரிந்தால் மாத்திரையும் இலவசம்.